ஜூலை யாருக்கு?

துலிக்கி ஸ்பெயினுக்குக் குடிபெயர்ந்தது அக்டோபர் முதல் செவ்வாய்க்கிழமை. ஃபின்லாந்தின் கோத்கா துறைமுகத்தின் மேல் அன்று மழையும் பனியும் கலந்து விழுந்துகொண்டிருந்தது. மழையா பனியா என்று வானத்துக்கே இன்னும் முடிவாகவில்லை. விமான நிலையம் போகும் பேருந்து வரும்வரை அவளுடைய மூன்று பெட்டிகளையும் நனையாமல் காத்துக்கொண்டு நின்றாள் தங்கை ஹில்க்கா. அவளும் ஒரு பேருந்து ஓட்டுநர் என்பதால், அடுத்தவர் ஓட்டும் பேருந்து நான்கு நிமிடம் தாமதமாக வந்தது அவளுக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது.

துலிக்கியின் மூட்டுவலிக்கு வெயில் நல்லது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆனால் காகித ஆலையில் அவளோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற அத்தனை பேருக்கும் இன்னொரு காரணமும் தெரியும். அந்த வாரம்தான் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. மின் சிகரெட் திரவத்தில் புகையிலை வாசனை தவிர வேறு எந்த வாசனையும் இனி நாட்டில் விற்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கவும் கூடாது. துலிக்கிக்குப் பேரிக்காய் வாசனை இல்லாமல் பொழுது விடியாது. ஸ்பெயினில் பேரிக்காய்க்குத் தடையில்லை.

பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு அவள் சன்னல் கண்ணாடியைத் தட்டி, வாயசைவிலேயே ஒரு வார்த்தை சொன்னாள். போய்வருகிறேன் என்று இல்லை. "ஜூலை" என்றாள். பிறகு தன் மார்பைத் தொட்டுக் காட்டினாள்.

அது என்ன ஜூலை என்றால், அவர்களுடைய அப்பா விட்டுப் போன ஏரிக்கரைக் குடில் பற்றியது. கோவோலாவுக்கு வடக்கே, மூன்று கிலோமீட்டர் மண்பாதைக்கு அப்பால், ஓர் அறை, நீராவிக் குளியலுக்கு ஒரு சவுனா, ஒரு படகு, நீருக்குள் நீளும் மரப்படித்துறை. அக்கா தங்கை இருவருக்கும் சம பங்கு. சேர்ந்து தங்கிப் பார்த்தார்கள். சவுனா அடுப்பில் பிர்ச் மரக்கட்டையைக் குறுக்கே அடுக்குவதா நெடுக்கே அடுக்குவதா என்று தொடங்கிய பேச்சு, அப்பா யார்மேல் அதிகப் பாசமாக இருந்தார் என்பதில் போய் முடிந்தது. அதிலிருந்து மாதம் பிரித்துக்கொண்டார்கள். ஜூனில் கொசு. ஆகஸ்டில் பாதி நாள் மழை. குடில் என்றால் உண்மையில் ஜூலைதான். அதை ஆளுக்கொரு வருடம் என்று வைத்துக்கொண்டார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு மே மாதம், படகைத் தண்ணீரில் இறக்க இருவரும் போயிருந்தபோது, சேர்ந்தாற்போல் இருமினார்கள். நிறுத்த முடியவில்லை. ஒருத்திக்கு முப்பத்திரண்டு வருட சிகரெட் பழக்கம், மற்றவளுக்கு முப்பத்தைந்து. படித்துறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடியே பந்தயம் கட்டினார்கள். இன்றோடு சிகரெட் கிடையாது. மின் சிகரெட் கணக்கில் சேராது, இழுத்துக்கொள்ளலாம். யார் முதலில் நிஜ சிகரெட் பற்றவைக்கிறாளோ அவள் உடனே மற்றவளிடம் சொல்ல வேண்டும். அத்தோடு உயிருள்ளவரை ஜூலையை விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஹில்க்காவைக் காப்பாற்றியது லக்கா பழம். வடக்குச் சதுப்பு நிலங்களில் பழுக்கும் அந்த மஞ்சள் பழத்தின் வாசனையில் ஒரு திரவம் இருந்தது. கடைத்தெருவில் இருந்த சிறு வேப் கடையில் அதை வாங்கி முதன்முதலாக இழுத்த அன்று, சிகரெட் என்ற ஒன்று இருப்பதே மாலைவரை அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. இரண்டு வருடம் அப்படியே ஓடியது. சட்டம் வந்தது. கடைக்காரர் ஆள் ஒன்றுக்கு இரண்டு குப்பி என்று எழுதி ஒட்டி, மிச்சத்தை விற்றுத் தீர்த்து, அதே இடத்தில் கைப்பேசி உறை விற்கத் தொடங்கினார்.

ஊரில் வேப் என்கிற மின் சிகரெட் இழுப்பவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி கண்டார்கள். சிலர் கப்பலேறி வளைகுடாவைக் கடந்து எஸ்தோனியாவின் தாலினுக்குப் போய் வந்தார்கள். சிலர் கேக் செய்யும் எசன்ஸை வாங்கி வீட்டுச் சமையலறையில் கலந்தார்கள். ஒருவர் ஏலக்காய் கலந்து, கோப்பியோடு தின்னும் இனிப்பு ரொட்டியின் வாசனை வருகிறது என்று பெருமையாகச் சொன்னதோடு சரி, மூன்று நாள் தொண்டை கட்டி அதற்கு மேல் எதுவும் சொல்ல முடியவில்லை. பலர் பேசாமல் பழைய சிகரெட்டுக்கே திரும்பிவிட்டார்கள். சிகரெட் விற்கும் மூலைக்கடையில் அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஹில்க்காவால் இதில் எதையும் செய்ய முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு வண்டி இல்லாத தெருவில், நடந்து போகும்போதும் சிவப்பு விளக்குக்கு நின்று பச்சை விழுந்த பிறகே கடப்பவள் அவள். ஒருமுறை பேருந்தின் பக்கக் கண்ணாடி சாலையோர மரம் ஒன்றின் கிளையை முறித்துவிட்டது. பார்த்தவர் எவருமில்லை. நகராட்சிக்குத் தானே படிவம் நிரப்பி அனுப்பினாள், கிளையின் சுற்றளவோடு. தாலினிலிருந்து எவ்வளவு கொண்டுவரலாம் என்று சட்டத்தை எடுத்துப் படித்துப் பார்த்தாள். மூன்று விதமாகப் பொருள்கொள்ளலாம் போலிருந்தது. மூன்று விதமாகப் பொருள்கொள்ளக்கூடிய காரியம் எதையும் அவள் செய்வதில்லை.

ஆகவே அவள் அந்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டத்தில் சேர்ந்தாள். அனுமதி பெற்ற போராட்டம். நூலக அறையில் கூடி, ஏழு பேர் சேர்ந்து, காவல்துறைக்கு எழுதி, நாள் குறித்து, நவம்பர் மாதச் சனிக்கிழமை ஒன்றில் சந்தைச் சதுக்கத்தின் ஓரத்தில் நின்றார்கள். கோஷம் போட யாரையும் கூச்சம் விடவில்லை. அட்டையில் எழுதியது ஈரத்தில் ஊறிவிட்டது. ஏழு பேரும் ஆளுக்கு ஆள் இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு, ஒரே வரிசையில், ஒரே திசையைப் பார்த்து, வாய் திறக்காமல் நின்றார்கள். இருபது நிமிடம் கழித்து ஒரு பேருந்து வந்து அவர்கள் முன்னால் நின்று கதவைத் திறந்தது.

ஓட்டி வந்தவன் வேய்யோ, ஹில்க்காவோடு ஒரே டிப்போவில் வேலை செய்பவன். அது நிறுத்தம் அல்ல. ஆனால் வரிசை ஒன்று நிற்பதைப் பார்த்தான். நிறுத்தத்தைத் தற்காலிகமாக இங்கே மாற்றியிருக்கிறார்கள்போல என்று நினைத்துக்கொண்டான். கதவு திறந்தபடியே இருந்தது. போராட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்கள். நமக்காக வண்டியை நிறுத்தியவனை வேண்டாம் என்று அனுப்புவது எப்படி என்று மூன்று பேருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர்கள் ஏறிக்கொண்டார்கள். ஏறி, கடைசி நிறுத்தம்வரை போய், அடுத்த வண்டியில் திரும்பி வந்தபோது போராட்டத்துக்கு அனுமதித்த நேரம் முடிந்திருந்தது.

"கையை ஆட்டி, போயிருன்னு சொல்லியிருக்கலாம்ல" என்றான் வேய்யோ மறுநாள்.

"நீ நல்ல மனசோட நிறுத்தின. எப்படிப் போகச் சொல்றது" என்றாள் ஹில்க்கா.

டிசம்பரில் லக்கா தீர்ந்தது. சட்டம் அனுமதித்த புகையிலை வாசனைத் திரவத்தை வாங்கி இழுத்துப் பார்த்தாள். அங்கேதான் வினை இருந்தது. லக்கா அவளைச் சிகரெட்டை மறக்க வைத்தது. இதுவோ இழுப்புக்கு இழுப்பு ஞாபகப்படுத்தியது. சிகரெட்டின் ஏழைப்பட்ட உறவுக்காரன் வீட்டுக்கு வந்து, பெரியவர் சுகமாக இருக்கிறார், உங்களை விசாரித்தார் என்று சொல்லிவிட்டுப் போவதுபோல் இருந்தது. மூலைக்கடையின் முன்னால் பேருந்தை நிறுத்தும்போதெல்லாம் அவள் வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் பார்த்தாள். ஒரு ஜூலை அல்ல, இருக்கிற அத்தனை ஜூலைகளும் அந்தக் கடைக்குள் ஒரு சின்ன சிகரெட் பெட்டியில் இருபதாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

ஞாயிறுதோறும் துலிக்கி தொலைபேசியில் வருவாள். இங்கே சட்டைக்கையை மடித்துக்கொண்டு கடற்கரையில் உட்கார்ந்திருக்கிறேன் என்பாள். ஃபின்லாந்து ரொட்டிக் கடையே மூன்று இருக்கிறது என்பாள். பேச்சு கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வரும்.

"என்னடி, தாங்குறியா?"

"தாங்குறேன்."

"ரெண்டு குப்பி தபால்ல அனுப்பட்டுமா? லக்கா இல்ல, முலாம்பழம் இருக்கு."

"தபால்ல வரக் கூடாது. சட்டம்."

"சுங்கத்துல இருக்கறவங்க உன் முலாம்பழத்துக்காகவா காத்துக்கிட்டு இருக்காங்க?"

"அவங்க காத்துக்கிட்டு இல்லன்னாலும் வரக் கூடாது."

மறுமுனையில் துலிக்கி சிரிப்பாள். அங்கே போயும் ஜூலையில் அவளுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கலாம். ஸ்பெயினில் ஜூலையில் வெளியே தலைகாட்ட முடியாது. அவளுக்கு முன்னைவிட இப்போதுதான் குடில் தேவை.

ஹில்க்காவின் குடியிருப்பில் சவுனா பொது. கீழ்த்தளத்தில் இருக்கிறது, வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம். அவள் முறை வியாழன் மாலை ஆறு. ஜனவரி மாதம் ஒரு வியாழக்கிழமை, முந்தைய முறைக்காரர் வாளித் தண்ணீரில் இரண்டு சொட்டு வாசனைத் திரவம் விட்டுப் போயிருந்தார். ஹில்க்கா அகப்பையால் மொண்டு சூடான கல்லில் ஊற்றினாள். ஸ்ஸ் என்று எழும்பிய ஆவி மேல் பலகைக்கு வந்து அவள் முகத்தில் படிந்தது. லக்கா. அசல் லக்கா. அவள் கண்ணை மூடிக்கொண்டு, முறை முடிந்து அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் சட்டத்தை மறுபடி எடுத்து முதலிலிருந்து படித்தாள். திரவத்துக்கு வாசனை கூடாது. சரி. கருவிக்கு வாசனை கூடாது. சரி. இழுக்கிறவளைச் சுற்றியிருக்கும் காற்றைப் பற்றி எங்கும் ஒரு வார்த்தை இல்லை. சவுனா வாசனை பல்பொருள் அங்காடியில் சோப்புக்குப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கும்படி வைத்திருக்கிறார்கள்.

சவுனாவுக்குள்ளேயே வேப் இழுத்தால் முடிந்தது. ஆனால் பொது அறைகளில் கூடாது என்று குடியிருப்பு விதி இருந்தது. ஆகவே அவள் ஆவியை வெளியே எடுத்துப் போனாள். அகலவாய் பிளாஸ்க் ஒன்றில் கொதிநீர் நிரப்பி, லக்கா வாசனை மூன்று சொட்டு விட்டு, இறுக மூடி, வேலைக்குக் கொண்டுபோனாள். கடைசி நிறுத்தத்தில் ஏழு நிமிட இடைவேளை. வண்டியிலிருந்து இறங்கி, சட்டம் சொன்ன தூரம் தள்ளி நின்று, மூடியைத் திறப்பாள். மூக்கை உள்ளே விட்டு ஆழமாக ஓர் இழுப்பு ஆவி. உடனே, வாசனையே இல்லாத வெறும் திரவம் நிரப்பிய வேப்பில் ஓர் இழுப்பு. மறுபடி பிளாஸ்க். மறுபடி வேப். முதல் நாள் கொஞ்சம் குழறியது. ஒரு வாரத்தில் தாளம் பிடிபட்டது. தினமும் அதே வண்டியில் வரும் ஒரு முதியவர், சளிக்கு ஆவி பிடிக்கிறாள் பாவம் என்று நினைத்து, ஒரு நாள் இஞ்சி மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி முழுக்க அப்படி ஓடியது. மூலைக்கடை முன்னால் இப்போது அவள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பார்த்தாள். துலிக்கி கேட்டபோது, தாங்குகிறேன் என்று மட்டும் சொன்னாள். வழியைச் சொல்லவில்லை. துலிக்கி அதையும் கிண்டல் செய்வாள்.

கெடுத்தது வேய்யோ. டிப்போவின் ஓய்வறையில் கோப்பி இயந்திரம் பழுதான ஒரு காலை. பாலில்லாக் கோப்பியில் ஒரு நாளைக்கு ஒன்பது கோப்பை குடிப்பவன் அவன். அன்று எட்டரை மணி ஆகியும் ஒன்றுகூட இறங்கவில்லை. மேசைமேல் ஒரு பிளாஸ்க் இருந்தது. பிளாஸ்க் என்றால் உள்ளே கோப்பிதான். அந்த ஊரில் பிறந்த எவனுக்கும் இதில் சந்தேகம் வராது. மூடியில் ஊற்றி, நின்றபடியே ஒரே மடக்கில் குடித்தான்.

பிறகு மெல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"இது என்ன வறுவல்?" என்று கேட்டான். கோப்பிக்கொட்டையைக் கொஞ்சம் இளசாக வறுத்துவிட்டார்கள் என்றே கடைசிவரை நம்பப் பார்த்தான்.

விஷம் பற்றிக் கேட்கும் எண்ணுக்கு ஹில்க்காதான் பதறிப்போய்க் கூப்பிட்டாள். மூன்று சொட்டுக்கு ஒன்றும் ஆகாது, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள் என்றார்கள். ஒன்றும் ஆகவும் இல்லை. ஆனால் அன்று மாலைவரை அவன் ஏப்பம் விடும்போதெல்லாம் வண்டிக்குள் சவுனா வாசனை வந்தது. முன் இருக்கையில் இருந்த ஒருத்தி கோட்டைக் கழற்றிக்கொண்டாள்.

டிப்போ மேற்பார்வையாளர் மார்கெத்தா நியாயமான பெண்மணி. அவள் ஹில்க்காவைத் திட்டவில்லை. ஒரு காகிதத்தில் எழுதி ஓய்வறைக் கதவில் ஒட்டினாள்: கோப்பி, தேநீர், சூப் தவிர வேறெதையும் பிளாஸ்க்கில் வேலைக்கு எடுத்துவரக் கூடாது. அரசாங்கம் ஒரு வாசனையாவது விட்டுவைத்தது. மார்கெத்தா மூன்றை விட்டுவைத்தாள், மூன்றுமே பயன்படாதவை. வேறு யாராக இருந்தாலும் பிளாஸ்க்கின்மேல் சூப் என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். ஹில்க்கா காகிதத்தைப் படித்தாள், தலையாட்டினாள், பிளாஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தாள்.

அவளுக்கு அப்போது பத்து மணி நேர வேலை. காலையில் வீட்டில் ஆவி, இரவில் வீட்டில் ஆவி, நடுவில் பத்து மணி நேரம் வெறும் வெந்நீர் மாதிரியான வேப். ஒன்பது நாள் தாக்குப்பிடித்தாள். பத்தாவது நாள், மார்ச் மாதச் சேற்றுப்பனி சக்கரத்தளவு ஏறியிருந்தது. பள்ளி மாணவர் கூட்டம் ஒன்று வண்டிக்குள் மீன் டப்பாவைக் கவிழ்த்திருந்தது. கடைசி நிறுத்தத்தில் அவளுக்கு முன்னால் வேய்யோவின் வண்டி நின்றது. அவனுக்குக் குற்ற உணர்ச்சி. தன்னால்தானே இது வந்தது என்று பத்து நாளாக அவள் முகத்தையே பார்க்க முடியாமல் இருந்தான். ஆறுதலாக என்ன சொல்வது என்று தெரியாத ஆண்பிள்ளை செய்கிற காரியத்தைச் செய்தான். சட்டைப்பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்து நீட்டினான்.

அவள் கை போனது. அவளே சொன்னாள் பிறகு, அது தன் கைபோலவே இல்லை, ஆனால் தன் கையுறை போட்டிருந்தது என்று. அவன் பற்றவைத்தான். ஓர் இழுப்பு. இன்னொன்று. மூன்றாவதற்கு வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தி, அதை உற்றுப் பார்த்தாள். முப்பத்திரண்டு வருடம் இவ்வளவு மோசமான சுவைக்காகவா மழையில் நின்றோம் என்று இருந்தது. அணைத்து, குப்பைத் தொட்டியில் போட்டு, கைப்பேசியை எடுத்தாள்.

"யாருக்குப் போடற?" என்றான் வேய்யோ.

"துலிக்கிக்கு."

"ரெண்டே இழுப்பு. அவ ஸ்பெயின்ல இருக்கா. நானும் சொல்ல மாட்டேன். பனிமேடுதான் பாத்துச்சு."

"ஜூலை பூரா அந்தப் படித்துறையில உக்காந்து ஏரியப் பாக்கணும் நான். திருடின ஜூலைய எப்படிப் பாக்கறது?"

துலிக்கி எடுத்தாள். ஹில்க்கா ஒரு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். மறுமுனையில் கடல்காற்று மட்டும் கேட்டது. பிறகு, ஓர் இழுப்பா முழுசா என்று கேட்டாள். இரண்டு இழுப்பு என்றாள் ஹில்க்கா.

"சரி" என்றாள் துலிக்கி. "அப்ப ஜூலை எனக்கு." குரல் என்னவோ தாழ்ந்துதான் இருந்தது. வெற்றியை அடக்கமாக எடுத்துக்கொள்கிறாள் என்று ஹில்க்கா மரியாதையாக நினைத்துக்கொண்டாள்.

அன்று அவளுடைய வண்டி ஒன்பது நிமிடம் தாமதம். அவள் வேலைக்காலத்தில் அதுதான் மிக நீளமான தாமதம். அதற்கும் படிவம் நிரப்பினாள். காரணம் என்ற இடத்தில் "சொந்த விஷயம்" என்று எழுதி, அது பொய்யில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு கையெழுத்துப் போட்டாள்.

அதன்பின் அவள் சிகரெட் தொடவில்லை. பந்தயம் போனதற்குப் பிறகு தொட ஒரு தடையும் இல்லை, இருந்தும் தொடவில்லை. வேப்பும் ஒரு கோடையில் எங்கோ இருக்கையடியில் தொலைந்தது, தேடவில்லை. வீட்டில் பிளாஸ்க் மட்டும் மிஞ்சியது. சாயங்காலம் ஒருமுறை திறந்து மூக்கை விடுவாள், மூடுவாள். வேய்யோ அவளைப் பார்த்துவிட்டு வேப்புக்கு மாறினான்; புகையிலை வாசனை, சட்டப்படி. அவனுக்கு அது பிடித்தேவிட்டது. அதில் அவளுக்குக் கொஞ்சம் எரிச்சல்.

நான்கு வருடம் அவள் ஜூனில் குடிலுக்குப் போனாள். தலையில் வலை போட்டுக்கொண்டு படித்துறையில் உட்கார்ந்தாள். படகுக்குத் தார் பூசினாள், கழிப்பறைக் கதவைச் சரிசெய்தாள், விறகு பிளந்து நெடுக்காக அடுக்கினாள். ஜூன் முப்பது மாலை சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, மறுநாள் அக்கா வந்து சுகமாக இருக்கட்டும் என்று தரையையும் துடைத்துவிட்டுத் திரும்பினாள். துலிக்கி வந்ததும் விறகைக் குறுக்காக மாற்றி அடுக்குகிறாள் என்பது ஆகஸ்டில் போய்ப் பார்க்கும்போது தெரிந்தது.

ஐந்தாவது வருடம், ஏப்ரல் மாதத்து மதியம், கர்ஹுலா சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நின்றிருந்தபோது அவள் பையில் கைப்பேசி அதிர்ந்தது. ஓட்டும்போது பார்க்கக் கூடாது. கடைசி நிறுத்தம் வந்து, இயந்திரத்தை அணைத்து, கைத்தடையை இழுத்துவிட்டு, இறங்கி நின்று பார்த்தாள். துலிக்கி எழுதியிருந்தாள்:

"ஹில்க்கா, ஒரு விஷயம் மனச உறுத்திக்கிட்டே இருக்கு. இங்க வந்த முதல் நாள், விமான நிலையத்து வாசல்லயே நான் ஒரு சிகரெட் பத்த வச்சுட்டேன். அதுக்கப்புறம் நிறுத்தவும் இல்ல. நீ போன் பண்ணி ரெண்டு இழுப்புன்னு சொன்னப்பக்கூட கையில ஒண்ணு எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. அதனால நியாயமாப் பாத்தா ஜூலை ஆரம்பத்துலேர்ந்தே உன்னோடதுதான். இந்த வருஷத்துலேர்ந்து நீயே வச்சுக்க. பக்கத்துக் குடில்காரன் ஒன்னி நேத்து போன் பண்ணினான். பனிக் கனத்துல சவுனா கூரை உள்ள இறங்கிருச்சாம். ஏணி கொட்டகைக்குப் பின்னால இருக்கு."